இரண்டு வயதுப் பிள்ளை ஏன் கடிக்கிறது?

மாணவர்களே, பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. நீங்கள் உங்கள் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீடு. அத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூவரைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். ஒன்று எட்டு மாதக் கைக்குழந்தை. இன்னொன்று மூன்று வயதுப் பாப்பா. மூன்றாவது, போன மாதம்தான் இரண்டு வயது நிறைந்த தம்பி.

வெள்ளிக்கிழமை, நண்பகலுக்கு முன்பு. பாப்பா கையில் ஒரு சிவப்பு லாரி. தம்பி அதைப் பிடித்து இழுக்கிறான். அவள் விடவில்லை. அடுத்த நொடி, வீடே அதிரும்படி ஓர் அலறல். பாப்பாவின் முன்கையில் பல் பதிந்த வட்டம்.

மாலையில் பாப்பாவை அழைத்துப்போக வந்த அவளுடைய அம்மா அந்தத் தடத்தைப் பார்க்கிறார். "அக்கா, இது மூன்றாவது தடவை. இனியும் இப்படி நடந்தால் நான் வேற இடம்தான் பார்க்கணும்" என்கிறார். இரவு ஏழரைக்குத் தம்பியின் அம்மா வருகிறார். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்தவர். விஷயத்தைக் கேட்டதும், "இவனை வேணாம்னு சொல்லிடாதீங்கக்கா. எனக்கு வேற ஆளில்லை" என்று கண் கலங்குகிறார்.

எல்லாரும் போனபின் அத்தை உங்களைப் பார்க்கிறார். "நீதான் அறிவியல் படிக்கிறாயே. இதுக்கு ஒரு வழி சொல்லு, பார்ப்போம்."

இந்த வீடு நாம் பாடத்துக்காக அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுதான். ஆனால் இதுபோன்ற வீடுகள் நம் நாட்டில் ஏராளம். உங்களில் பலர் தம்பி தங்கையையோ, அக்காவின் பிள்ளையையோ கவனித்துக்கொள்பவர்கள். ஆகவே, அத்தையின் கேள்விக்குச் சேர்ந்தே விடை தேடுவோம்.

கெட்ட பிள்ளையா?

கடிக்கும் பிள்ளையைப் பார்த்ததும் பெரியவர்கள் சொல்லும் முதல் சொல் 'முரடன்'. அறிவியல் என்ன சொல்கிறது?

கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டிராம்பிளே என்ற ஆய்வாளர், வன்முறை மனிதரிடம் எப்போது தொடங்குகிறது என்று அறிய விரும்பினார். முதலில் பதின்ம வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார். பிறகு கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். கிடைத்த முடிவு பலரை வியக்க வைத்தது. அடித்தல், உதைத்தல், கடித்தல், தள்ளுதல் ஆகியவை அதிகம் நடப்பது பதினைந்து வயதில் அல்ல. இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில்தான். அதன்பின் பெரும்பாலான பிள்ளைகளிடம் அவை படிப்படியாகக் குறைகின்றன.

இதன் பொருள் என்ன? பிள்ளைகள் அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நடப்பதைப் போல, பேசுவதைப் போல, இதுவும் ஒரு கற்றல். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்த ஆள், பகல் முழுவதும் அவனோடு இருக்கும் அத்தை.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பிறந்த குழந்தையின் மூளை எடையில் பெரியவர் மூளையின் கால் பங்குதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் அது ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. ஆனால் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்ச்சி அடைவதில்லை.

மூளையின் உட்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி உள்ளது. பயத்தையும் ஆபத்தையும் உணர்ந்து உடலை உசுப்பிவிடும் அமைப்பில் இதற்குப் பெரிய பங்குண்டு. இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும். இந்த அமைப்பு பிறந்த சில காலத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் வேலை வேறு. 'பொறு', 'கையை எடு', 'கடித்தால் அத்தை வருத்தப்படுவார்' என்று யோசித்து உடலை நிறுத்துவது அது. இந்தப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகிறது. ஆமாம், உங்களுக்கும் அது இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையிடம் எஞ்சின் தயார். பிரேக் இன்னும் பாதிதான் பொருத்தப்பட்டிருக்கிறது. தம்பிக்குக் 'கடிக்கக் கூடாது' என்பது தெரிந்திருக்கலாம். கேட்டால் தலையாட்டவும் செய்வான். ஆனால் லாரி கைக்கு எட்டாமல் போகும் அந்த ஒரு நொடியில், தெரிந்ததைச் செயலில் காட்டும் ஆற்றல் அவனிடம் இல்லை. தெரிவதும் செய்ய முடிவதும் வேறு வேறு.

சொல் இல்லாத இடத்தில் பல்

இரண்டு வயதில் ஒரு பிள்ளை பேசும் சொற்கள் பெரும்பாலும் சில நூறுக்குள் அடங்கும். பிள்ளைக்குப் பிள்ளை இதில் பெரிய வேறுபாடு உண்டு. "அம்மா வா", "பால் தா" என இரண்டு சொற்களைச் சேர்க்கும் பருவம் இது. 'எனக்கும் அந்த லாரி வேண்டும், நீ விளையாடி முடித்ததும் தருகிறாயா?' என்று கேட்க அவனால் இயலாது. கேட்க வேண்டிய ஆசை இருக்கிறது. கேட்கும் சொல் இல்லை. அப்போது கையும் பல்லும் பேசுகின்றன.

இன்னொரு காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. பால் பற்கள் மொத்தம் இருபது. அவற்றில் கடைசியாக வருபவை இரண்டாம் கடைவாய்ப் பற்கள். அவை பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி, 23 முதல் 33 மாதங்களுக்குள் முளைக்கின்றன. ஈறு தினவெடுக்கும்போது பிள்ளை எதையாவது கடிக்கத் துடிக்கும். துணியையும் பொம்மையையும் நாற்காலி விளிம்பையும் கடிக்கும் பிள்ளைக்கு, ஆளைக் கடிப்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவாகப் புரியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கடிப்பதற்கென்றே குளிர்ந்த ஈரத்துணி கொடுக்கலாம்.

முதல் ஒரு நிமிடம்

காரணத்தை ஆராய நாள்கள் ஆகும். அதுவரை கடிபட்ட கை காத்திருக்காது. ஆகவே, சம்பவம் நடந்த உடனே அத்தை செய்ய வேண்டியதை முதலில் பார்ப்போம்.

முதலாவது, இருவரையும் பிரிப்பது. ஓடிப்போய் இழுக்காமல், இடையில் உட்கார்ந்து கையால் தடுப்பது நல்லது.

இரண்டாவது, கடிபட்ட பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கடித்த இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த துணியை ஒற்றி எடுக்க வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனித வாயில் நோய்க்கிருமிகள் நிறைய உண்டு.

மூன்றாவது, கடித்த பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, சுருக்கமாகச் சொல்ல வேண்டும். "கடிக்கக் கூடாது. பாப்பாவுக்கு வலிக்குது." அவ்வளவுதான். கத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். நீண்ட அறிவுரை அந்த நேரத்தில் அவன் காதில் ஏறாது.

நான்காவது, லாரி பாப்பாவிடமே திரும்பிப் போக வேண்டும்.

ஐந்தாவது, அவன் அமைதியானதும், கடிப்பதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று காட்ட வேண்டும். கையை நீட்டி, "தா" என்று சொல்லப் பழக்கலாம். 'செய்யாதே' என்பது பாதிப் பாடம். 'இதைச் செய்' என்பதுதான் மீதிப் பாதி.

'மன்னிப்புக் கேள்' என்று கட்டாயப்படுத்துவதால் பெரிய பயன் இல்லை. அதன் பொருள் அவனுக்கு இன்னும் புரியாது. அதைவிட, ஈரத்துணியை எடுத்துவர உதவச் சொல்லலாம். தான் செய்ததற்கும் அவள் அழுகைக்கும் உள்ள தொடர்பை அவன் அதில் கொஞ்சம் காண்பான்.

திருப்பிக் கடித்தால் என்ன?

"ஒரு தடவை திருப்பிக் கடிச்சு விடு. வலி தெரிஞ்சா நிறுத்திடுவான்." இந்த யோசனையைச் சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரை மதித்தபடியே, அவருடைய கருத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 72 பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சில பிள்ளைகள் முன்னால் ஒரு பெரியவர், காற்றடைத்த போபோ பொம்மையை அடித்தார், சுத்தியலால் தாக்கினார். வேறு சில பிள்ளைகள் முன்னால் பெரியவர் அமைதியாக விளையாடினார். மற்றவர்களுக்கு யாரையும் காட்டவில்லை. பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல பொம்மைகளைக் காட்டி, உடனே எடுத்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலூட்டினார்கள். போபோ பொம்மை இருந்த அறையில் விட்டபோது, அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக அடித்தார்கள். அதே முறையில் அடித்தார்கள். பெரியவர் பேசிய அதே சொற்களையும் பேசினார்கள்.

ஆகவே, திருப்பிக் கடிக்கும் பெரியவர் கற்றுக்கொடுக்கும் பாடம், 'கோபம் வந்தால் பெரியவர்களும் கடிப்பார்கள்' என்பதுதான். வாயில் மிளகாய் தடவுவதும் கன்னத்தில் அறைவதும் அதே வகையைச் சேர்ந்தவை.

குறிப்பேடு பேசட்டும்

இப்போது காரணத்தைத் தேடுவோம். ஆறாம் ஆண்டிலேயே நீங்கள் படித்த உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறிகள் எல்லாம் இங்கே பயன்படப் போகின்றன.

1931-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் குட்இனஃப், சிறுபிள்ளைகளின் கோபத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பயன்படுத்திய கருவி மிக எளிமையானது. பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொரு கோப வெடிப்பையும் நாள்தோறும் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து, கோபம் இரண்டாம் ஆண்டில் உச்சத்தில் இருப்பதையும், உணவு நேரத்துக்குச் சற்று முன்பும் உடல்நலம் குன்றிய நாள்களிலும் அது அதிகமாவதையும் அவர் கண்டார்.

அதே முறையை நாமும் பின்பற்றலாம். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முன்நிகழ்வு, செயல், பின்விளைவு. மணியையும் குறியுங்கள். 'முரட்டுத்தனம் செய்தான்' என்று எழுதக் கூடாது. அது ஊகம். 'பாப்பாவின் வலது கையைக் கடித்தான்' என்பதே உற்றறிதல். முதல் வாரம் அத்தை எதையும் மாற்றாமல், வழக்கம்போலவே நடந்துகொள்ளட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருந்து, கடி விழும் முன் தடுக்கப் பாருங்கள். தடுத்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை வீட்டில் முதல் வாரம் நீங்கள் எழுதியது இது என்று கொள்வோம்.

திங்கள், 11.30: பாப்பாவிடம் லாரி. கடித்தான். லாரி அவனுக்குக் கிடைத்தது.
செவ்வாய், 6.40: அம்மா வேலைக்குப் போனார். கதவை உதைத்து, அத்தையை அடித்தான். அத்தை தூக்கிக்கொண்டார்.
செவ்வாய், 11.40: பாப்பாவிடம் லாரி. கடித்தான். லாரி அவனுக்குக் கிடைத்தது.
புதன், 11.25: பாப்பாவிடம் லாரி. அடித்தான். லாரியை அத்தை மேலே எடுத்துவைத்தார்.
புதன், 11.50: பாப்பா அவனை ஒட்டி உட்கார்ந்தாள். கடித்தான். பாப்பா எழுந்து போனாள்.
வியாழன், 11.35: பாப்பாவிடம் அடுக்குக் கட்டை. கடிக்கப் போனான். தடுக்கப்பட்டான்.
வெள்ளி, 11.20: பாப்பாவிடம் லாரி. கடித்தான். லாரி அவனுக்குக் கிடைத்தது.
வெள்ளி, 4.30: தொலைக்காட்சி அணைக்கப்பட்டது. அத்தையை அடித்தான். மறுபடியும் போடப்பட்டது.

மொத்தம் எட்டுச் சம்பவங்கள். இப்போது தரவைப் பாருங்கள். எட்டில் ஆறு, 11.20-க்கும் 11.50-க்கும் இடையில் நடந்திருக்கின்றன. 'நாள் முழுக்கக் கடிக்கிறான்' என்று அத்தைக்குத் தோன்றியது. குறிப்பேடு அப்படிச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தைத்தான் காட்டுகிறது.

கடைசிப் பத்தியையும் பாருங்கள். லாரிக்காக நடந்த நான்கு சண்டைகளில் மூன்று முறை லாரி அவன் கைக்கே வந்திருக்கிறது. அழுகையை நிறுத்த அத்தையே கொடுத்திருக்கிறார். ஒரு செயலுக்குப்பின் விரும்பியது கிடைத்தால், அந்தச் செயல் மறுபடியும் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த வலுவூட்டல் இதுதான். தம்பியைப் பொறுத்தவரை, கடித்தல் நன்றாக வேலை செய்யும் ஒரு கருவி. தெரியாமல் அதைத் தீட்டிக் கொடுத்தது பெரியவர்கள்.

கருதுகோளும் சோதனையும்

11.20 முதல் 11.50 வரை அப்படி என்ன இருக்கிறது? மதிய உணவு 12.15-க்கு. 'பசியினால் கடிக்கிறான்' என்பது முதல் கருதுகோள். குட்இனஃப் கண்டதும் அதற்கு ஒத்துப்போகிறது.

இரண்டாம் வாரம், 10.45-க்கு ஒரு வாழைப்பழம் கொடுக்கத் தொடங்கினீர்கள். கடித்தால் லாரி கிடைக்காது என்ற விதியையும் அத்தை அதே வாரம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வார முடிவில் எண்ணிப் பார்த்தால் ஏழு சம்பவங்கள். அந்த அரை மணி நேரத்தில் மட்டும் ஐந்து. ஆறு ஐந்தாகியிருக்கிறது, அவ்வளவே. அதிலும் செவ்வாய்க்கிழமை விழுந்த கடி முன்னைவிட அழுத்தமானது.

அத்தை மனம் தளர்ந்துவிட்டார். நீங்கள் தளர வேண்டாம். எதிர்பார்த்த பலன் கிடைக்காதபோது, பழகிய செயல் சில நாள்களுக்கு இன்னும் வேகமெடுப்பது வலுவூட்டல் ஆய்வுகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று. நாணயம் போட்டும் பானம் வராத இயந்திரத்தை நாமும் ஓங்கித் தட்டுகிறோம் அல்லவா? இந்தக் கட்டத்தில் பெரியவர்கள் விட்டுக்கொடுத்தால், 'பலமாகக் கடித்தால் கிடைக்கும்' என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

பசி அல்ல என்றால் வேறு எது? அன்றிரவு தம்பியின் அம்மாவிடம் அத்தை ஒரு கேள்வி கேட்டார்: "இவன் எத்தனை மணிக்குத் தூங்குறான்?"

"பத்தாயிடும்க்கா. காலையில அஞ்சரைக்கு எழுப்பிடுவேன். ஏழு மணிக்கு எனக்கு வேலை. ராத்திரி அந்த ரெண்டு மணி நேரம்தான் அவன்கூட இருக்க முடியுது."

கணக்குப் போடுங்கள். இரவில் ஏழரை மணி நேரம், மதியம் ஒன்றரை மணி நேரம், மொத்தம் ஒன்பது. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. நாளுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் பற்றாக்குறை. முற்பகல் 11.30 ஆகும்போது அவன் விழித்து ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. பாதி பொருத்திய பிரேக் களைத்த மூளையில் இன்னும் தளர்ந்து போகும்.

மூன்றாம் வாரம், மதிய உணவு 11 மணிக்கு, படுக்கை 11.30-க்கு என்று மாற்றினீர்கள். கைக்குழந்தையும் அதே நேரத்தில் தூங்க, வீடு அமைதியாக இருந்தது. தம்பி இரண்டரை மணி நேரம் தூங்கினான். வாழைப்பழமும் லாரி விதியும் அப்படியே தொடர்ந்தன. அந்த வாரம் மூன்றே சம்பவங்கள், முற்பகலில் ஒன்று.

இங்கே ஒரு கூர்மையான மாணவர் கை தூக்குவார்: "இரண்டாம் வாரம் இரண்டு மாறிகளை ஒன்றாக மாற்றிவிட்டீர்களே! மூன்றாம் வாரம் குறைந்தது தூக்கத்தாலா, லாரி விதி மெல்ல வேலை செய்ததாலா? சண்டை நடக்கும் நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருந்ததாலா?" சரியான கேள்வி. ஆய்வுக்கூடத்தில் ஒரு தற்சார்பு மாறியை மட்டுமே மாற்றுவோம். வீட்டில் ஒரு பிள்ளையின் கை கடிபடும்போது அப்படிக் காத்திருக்க முடிவதில்லை. ஆனால் தரவு வேறு வழியில் உதவியது. தம்பி எழுந்தபின் வந்த பிற்பகலிலும் சம்பவங்கள் கூடவில்லை. சண்டைகள் வேறு நேரத்துக்கு இடம் மாறவில்லை என்று இதனால் தெரிகிறது. நான்காம் வாரம் புதன்கிழமை, கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள். எல்லாரும் கிளினிக்கில் காத்திருந்ததில் தூக்கம் தள்ளிப்போனது. அன்று பிற்பகல் ஒரு மணிக்கு, அதே தம்பி, அதே கடி. ஒரு நாளை வைத்து முடிவுகட்ட முடியாது. இருந்தாலும் சான்று தூக்கத்தின் பக்கம் சாய்கிறது.

அலறித் தரையில் விழும்போது

விரும்பியது கிடைக்காத பிள்ளை தரையில் விழுந்து புரளும். அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் பொடிகல், ஜேம்ஸ் கிரீன் ஆகியோர் பிள்ளைகளின் உடையில் சிறிய கம்பியில்லா ஒலிவாங்கியைத் தைத்து, வீட்டில் நடக்கும் அலறல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வு, அலறலும் கத்தலும் ஒரு கூட்டமாகவும், அழுகையும் சிணுங்கலும் இன்னொரு கூட்டமாகவும் வருவதைக் காட்டியது. முதலாவது கோபம், இரண்டாவது துயரம். இரண்டும் கலந்தே இருக்கின்றன. கோபம் உச்சத்தைத் தொட்டு இறங்கியதும் துயரம் மிஞ்சுகிறது.

ஆகவே, உச்சத்தில் கேள்வி கேட்காதீர்கள், பேரம் பேசாதீர்கள். தலை இடித்துக்கொள்ளாதபடி சுற்றியுள்ள பொருள்களை அகற்றிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அலறல் அழுகையாக மாறியதும் கையை நீட்டுங்கள். அப்போது அவனுக்குத் தேவை ஆறுதல். ஆறுதல் தரலாம், லாரியைத் தரக் கூடாது.

உங்கள் கோபம்

இதை உங்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். அத்தை கடைக்குப் போயிருக்கும் பத்து நிமிடத்தில், அழுகையை நிறுத்தாத பிள்ளையோடு நீங்கள் தனியாக இருந்தால், உங்களுக்கும் கோபம் வரும். அது குற்றமல்ல. ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் சிறு பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கக் கூடாது. சிறு பிள்ளையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது, கழுத்துத் தசைகளோ பலவீனமானவை. உலுக்கும்போது மண்டைக்குள் மூளை ஆட்டம்கண்டு, இரத்தக் குழாய்கள் கிழியக்கூடும். உயிரே போகலாம். கைக்குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், பிள்ளையை ஆபத்தில்லாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அவனைப் பார்க்கும் தொலைவில் இரண்டடி தள்ளி நில்லுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அத்தைக்கோ பக்கத்து வீட்டுக்கோ தொலைபேசியில் அழையுங்கள். உதவி கேட்பது உங்கள் முன்மூளைப் புறணி நன்றாக வேலை செய்வதற்கு அடையாளம்.

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெறும் தாஸ்காக்களில், ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயதுள்ள ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்று விகிதம் வகுத்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? கடியைத் தடுக்கக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகள் வளர வளர மாறிவிடுவார்கள். ஆனால் சில அடையாளங்களைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பேசிய சொற்களை இழந்துவிடுதல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல், நான்கு வயதைக் கடந்தும் தாக்குதல் குறையாமல் கூடிக்கொண்டே போதல். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பெற்றோர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டலாம். சில சமயம் காதில் ஏற்பட்ட தொற்றோ கேட்கும் திறன் குறைவோ காரணமாக இருக்கும். பெயர் சூட்டுவது மருத்துவரின் வேலை. நீங்கள் குறிப்பேட்டை மட்டும் கொடுத்து உதவலாம்.

அத்தை வீட்டில்

நான்காம் வார முடிவில் அத்தை அந்தக் குறிப்பேட்டை இரு தாய்மாரிடமும் காட்டினார். பாப்பாவின் அம்மா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாதம் முடியட்டும்கா, பார்க்கலாம்" என்றார். தம்பியின் அம்மா, இரவில் ஒன்பதரைக்கே விளக்கை அணைக்கப் பார்ப்பதாகச் சொன்னார். அரை மணி நேரம் அவருக்கு இழப்புதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்பி கையை நீட்டி "தா" என்றான். பாப்பா லாரியை மார்போடு அணைத்துக்கொண்டு, "அப்புறம்" என்றாள். அவன் காலைத் தரையில் இரண்டு முறை உதைத்தான். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவன் அத்தையின் மடியில் ஏறிக் காத்திருந்தான்.

செய்து பாருங்கள்

1. 'அவன் பொறாமையில் அடித்தான்', 'அவன் தங்கையின் தோளில் இடது கையால் அடித்தான்'. இவற்றில் எது உற்றறிதல்? எது ஊகம்? ஏன்?

2. முதல் வாரக் குறிப்பில், தொலைக்காட்சிச் சம்பவத்தின் பின்விளைவைப் பாருங்கள். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று முன்னறிவீர்கள்? அத்தைக்கு என்ன ஆலோசனை கூறுவீர்கள்? உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்ததையும் கருத்தில் கொள்ளுங்கள்.

3. தூக்கம்தான் காரணம் என்பதை உறுதிசெய்ய மேலும் ஒரு சோதனையைத் திட்டமிடுங்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி மூன்றையும் எழுதுங்கள். அந்தச் சோதனை எந்தப் பிள்ளைக்கும் துன்பம் தராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு சண்டையை ஒரு வாரம் மூன்று பத்திகளில் எழுதுங்கள். சிறு பிள்ளை இல்லாவிட்டால் பரவாயில்லை. உங்கள் சொந்தக் கோபத்தையே எழுதிப் பாருங்கள். அது எந்த அரை மணி நேரத்தில் வருகிறது?